21 வினாடி: நெட் இருந்தால் மட்டும் ஹேங் ஆன அஞ்சல் செயலி

பின்னணி

இது ஒரு சிறிய அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் நடந்தது. எல்லோரிடமும் விண்டோஸ் கணினி, எல்லோருக்கும் ஒரே டெஸ்க்டாப் மின்னஞ்சல் செயலி. அஞ்சல் பெட்டிகள் வெளியில் ஒரு சேவை நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. செயலி ஐமேப் முறையில் (அஞ்சலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை), 993ஆம் போர்ட் (சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்) வழியாக அவற்றைப் படிக்கிறது. அலுவலகத்துக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளத் தனியாக ஒரு சர்வர் உண்டு. பழைய சர்வரிலிருந்து கோப்புகளைப் புதியதற்கு மாற்றி முடித்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன.

புகார் சொன்னவர் அங்கே பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் மூத்த ஊழியர். எந்த அஞ்சலையும் அழிக்காத பழக்கம் உள்ளவர். அவருடைய இன்பாக்ஸ் மட்டும் 9 ஜிபி. அந்தச் செயலி ஒவ்வொரு அஞ்சல் கோப்புறையையும் வட்டில் ஒரே நீளமான கோப்பாக எழுதி, பக்கத்தில் எந்த அஞ்சல் எங்கே என்று சொல்லும் ஒரு சிறிய இன்டெக்ஸ் கோப்பை வைத்துக்கொள்ளும் வகை. அழித்த அஞ்சல்கூட அந்தப் பெரிய கோப்பிலிருந்து உடனே போகாது. 'காம்பாக்ட்' செய்யும்போதுதான் போகும். இதைத் தெரிந்தவர்களுக்கு 9 ஜிபி என்ற எண்ணைக் கேட்டவுடனேயே குற்றவாளி கிடைத்துவிட்டதுபோல் தோன்றும்.

புகார்

"சார், நெட் இல்லாதப்ப நல்லாத்தான் ஓடுது. நெட் வந்தா ஹேங் ஆயிடுது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டா தானா சரியாகுது. மறுபடியும் ஆகுது."

இதில் மூன்று தகவல்கள் இருக்கின்றன. இணைப்போடு தொடர்பு உண்டு, முழுக்க நிற்பதில்லை, திரும்பத் திரும்ப நடக்கிறது. மூன்றாவதைத் துல்லியமாக்க, ஹேங் ஆகும் ஒவ்வொரு முறையும் தொடங்கிய நேரத்தையும் விட்ட நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். கணக்குப் பிரிவில் இருப்பவர் ஆகையால், கேட்டதைவிட ஒழுங்காகவே குறித்துக் கொடுத்தார். பின்னால் எல்லாவற்றையும் அவிழ்த்தது அந்தத் தாள்தான்.

முதலில் கவனித்தவை

செயலியைத் திறந்ததும் ஒரு முறை ஹேங் ஆனது. அதன்பின் சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு முறை. புதிய அஞ்சல் வந்திருக்கிறதா என்று செயலி தானாகப் பார்க்கும் இடைவெளியும் அதே 10 நிமிடம்தான். இவை தவிர, ஓர் அஞ்சலை வலது கிளிக் செய்து 'நகர்த்து' மெனுவுக்குப் போகும்போதும் சில சமயம் நின்றது.

எவ்வளவு நேரம் நின்றது என்பதுதான் விசித்திரம். தாளில் இருந்த நேரங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன: 20 வினாடிக்குச் சற்று மேல். ஓரிரு இடத்தில் மட்டும் அதன் இருமடங்கு. இன்பாக்ஸின் பருமன் காரணம் என்றால், அஞ்சல் அதிகம் வந்த நேரத்தில் கூடவும் வராத நேரத்தில் குறையவும் வேண்டும். இணையம் மந்தம் என்றால் காலையில் ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி இருக்க வேண்டும். எப்போதும் ஒரே அளவு என்றால் அங்கே உழைப்பு நடக்கவில்லை, ஏதோ ஒரு கடிகாரம் ஓடி முடிகிறது என்று பொருள்.

ஓடும் செயலிகளைக் காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரும் அதையே சொன்னது. ஒரு சாளரம் 5 வினாடி வரை எந்தச் செய்திக்கும் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை மங்கலாக்கி 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதிவிடும். அந்த எழுத்தை மட்டும் பார்த்தால் செயலி வேலையில் மூழ்கியிருக்கிறதா, சும்மா காத்திருக்கிறதா என்பது தெரியாது. ப்ராசஸரின் ஒரு கோர் முழுதாக ஓடினால் இன்டெக்ஸ் கட்டுவது போன்ற கணக்கு வேலை. வட்டு ஓயாமல் இயங்கினால் பெரிய கோப்பைப் படிக்கிறது, அல்லது ஆன்டிவைரஸ் அதைப் படிக்கிறது. இங்கே இரண்டுமே ஏறக்குறைய பூஜ்யம். செயலி எதையும் செய்யவில்லை. யாருக்காகவோ காத்திருந்தது.

முதல் சுற்று

அஞ்சல் விஷயத்தில் எதைத் தொடுவதற்கு முன்னும் ப்ரொஃபைல் கோப்புறையை (செயலியின் அமைப்புகளும் அஞ்சல்களும் இருக்கும் இடம்) முழுதாக நகலெடுத்து வைப்பது கட்டாயம். செயலியை மூடிவிட்டு அதைச் செய்தோம். 'காம்பாக்ட் செய்தால் சரியாகிவிடும்' என்ற ஆலோசனை முதல் நாளே அலுவலகத்துக்குள்ளிருந்து வந்தது. அதை ஒத்திப்போட்டேன். காம்பாக்ட் என்பது மொத்தக் கோப்பையும் புதிதாக எழுதும் வேலை. அதற்கு ஏறக்குறைய அதே அளவு காலி இடம் வேண்டும். இடையில் செயலி நின்று, யாராவது பொறுமையிழந்து அதைக் கட்டாயமாக மூடினால், இருப்பதும் சிதையலாம். திரும்பத் திரும்ப நின்றுவிடுகிற ஒரு செயலியில், காரணம் தெரியாமல் அதைத் தொடங்குவது சரியல்ல.

ஆட்-ஆன்கள் (செயலியோடு சேர்த்த துணை நிரல்கள்) எல்லாவற்றையும் நிறுத்திப் பாதுகாப்பு முறையில் திறந்தோம். அப்போதும் ஹேங் ஆனது.

அடுத்து ஆன்டிவைரஸ். அந்த வாரத்தில் அதற்குப் புதுப்பிப்பு வந்திருந்ததால் பலருக்கும் அதன் மேல்தான் சந்தேகம். ப்ரொஃபைல் கோப்புறையை அதன் நேரடிச் சோதனையிலிருந்து விலக்கிப் பார்த்தோம். மாற்றம் இல்லை. ஆனாலும் அந்த விலக்கை அப்படியே வைத்துக்கொண்டோம். எல்லா அஞ்சலும் ஒரே கோப்பில் இருக்கும் செயலியில், ஒரு தீய அஞ்சலைக் கண்டுபிடித்த ஆன்டிவைரஸ் இன்பாக்ஸ் கோப்பு முழுவதையும் தூக்கித் தனிமைப்படுத்திவிடும் ஆபத்து உண்டு. அஞ்சலோடு வரும் இணைப்புக் கோப்பைச் சேமிக்கும்போதும் திறக்கும்போதும் சோதனை வழக்கம்போல நடக்கும் என்பதால் பாதுகாப்பில் பெரிய இழப்பு இல்லை.

இன்பாக்ஸின் இன்டெக்ஸை மட்டும் அழித்து மீண்டும் கட்டவிட்டோம். பட்டியல் முன்பைவிடச் சற்று வேகமாக விரிந்தது. அந்தச் சிறு முன்னேற்றத்தைப் பார்த்து 'சரியாகிவிட்டது' என்று ஒரு மணி நேரம் எல்லோரும் நம்பினார்கள். தாளில் மறுபடியும் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 21, 22 என்று எண்கள் ஏறின.

இரண்டு சோதனைகள், எதிரெதிர் விடைகள்

அதே கணினியில், அதே அலுவலக நெட்வொர்க்கில், ஒரு புதிய ப்ரொஃபைலை உருவாக்கி அதே அஞ்சல் கணக்கைச் சேர்த்தோம். ஒருமுறைகூட ஹேங் ஆகவில்லை. ஆகவே கணினி, நெட்வொர்க், அஞ்சல் சர்வர் மூன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன, பழைய ப்ரொஃபைல்தான் கெட்டிருக்கிறது என்றார் ஒருவர்.

பிறகு பழைய ப்ரொஃபைலையே திறந்து, அலுவலக கேபிளைக் கழற்றிவிட்டு, கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தோம். அஞ்சல் வந்தது, போனது, எந்தத் தடங்கலும் இல்லை. ஆகவே ப்ரொஃபைல் நன்றாக இருக்கிறது, அலுவலக நெட்வொர்க்தான் கோளாறு என்றார் இன்னொருவர். நெட்வொர்க் பொறுப்பாளரோ மற்ற யாருக்கும் பிரச்சினை இல்லையே என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

இந்த இடத்தில் பெரும்பாலான இடங்களில் விவாதம் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து, கடைசியில் யாருடைய குரல் ஓங்குகிறதோ அவர் சொன்னதைச் செய்துவிடுவார்கள். ஆனால் இரண்டு விடைகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. பழைய ப்ரொஃபைலும் அலுவலக நெட்வொர்க்கும் சேர்ந்தால் மட்டும்தான் கோளாறு வருகிறது. அப்படியானால் பழைய ப்ரொஃபைலுக்குள் எழுதப்பட்டிருக்கும் ஏதோ ஒன்று, அலுவலக நெட்வொர்க்குக்குள் மட்டும் இருக்கிற ஏதோ ஒன்றைத் தேடுகிறது. அஞ்சல் சர்வர் அப்படிப்பட்டது அல்ல. அது ஹாட்ஸ்பாட்டிலிருந்தும் எட்டக்கூடியது.

'நெட் இல்லாதப்ப' என்றால் என்ன

புகாரின் முதல் வாக்கியத்துக்குத் திரும்பினோம். நெட் இல்லாமல் இருப்பதில் இரண்டு வகை உண்டு. செயலிக்குள் 'ஆஃப்லைன்' என்று தேர்ந்தெடுப்பது ஒன்று, கேபிளையே கழற்றுவது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாகச் செய்து பார்த்தோம்.

கேபிள் இல்லாமல், செயலி ஆன்லைன் நிலையில் இருந்தபோது, சர்வரோடு இணைய முடியவில்லை என்ற செய்தி உடனே வந்தது. ஹேங் இல்லை. கேபிள் இருக்க, செயலியை ஆஃப்லைன் நிலையில் திறந்தபோது, திறந்ததும் வழக்கம்போல 21 வினாடி நின்றது. ஆஃப்லைன் நிலையில் செயலி அஞ்சல் சர்வரைத் தொடுவதே இல்லை. அப்படியும் நின்றதால், அஞ்சல் சர்வர், அதன் கடவுச்சொல், 993ஆம் போர்ட் ஆகிய அனைத்தும் சந்தேகப் பட்டியலிலிருந்து ஒரே அடியில் விலகின.

ஹேங் ஆகி நிற்கும்போதே கேபிளைப் பிடுங்கியும் பார்த்தோம். சாளரம் அந்தக் கணமே உயிர் பெற்றது.

இணைப்பே இல்லாவிட்டால் 'வழி இல்லை' என்று விண்டோஸ் அக்கணமே சொல்லிவிடுகிறது, செயலியும் மேலே நகர்ந்துவிடுகிறது. இணைப்பு இருந்தால் கோரிக்கை வெளியே போகிறது, பதில் வரும் என்று காத்திருக்கிறது. ஆள் குடிபெயர்ந்த வீட்டின் கதவைத் தட்டிவிட்டு வாசலில் நிற்பதுபோல. டிசிபி (கணினிகள் ஒன்றோடொன்று பேசும் நெட்வொர்க் விதிமுறை) இணைப்புக்கான முதல் கோரிக்கைக்குப் பதில் வராவிட்டால் 3 வினாடி, மறுமுறை 6, அதற்கடுத்து 12 எனக் காத்திருந்து கைவிடுவது விண்டோஸில் நெடுங்காலம் இருந்த வழக்கம். கூட்டினால் 21. தாளில் இருந்த எண் அதுதான்.

யாருக்காகக் காத்திருந்தது

ஹேங் ஆன சமயத்தில் விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, அஞ்சல் செயலியின் பெயரில் 'அனலைஸ் வெயிட் செயின்' (எதற்காகக் காத்திருக்கிறது என்று காட்டும் வசதி) கொடுத்தோம். ஒரு த்ரெட் (செயலிக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை) நெட்வொர்க் வேலை முடியக் காத்திருக்கிறது என்று காட்டியது. நெட்வொர்க் இணைப்புகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட் கட்டளையில் அஞ்சல் செயலியின் ப்ராசஸ் எண்ணை வைத்து வடிகட்டினால் ஐமேப் இணைப்புகள் மட்டுமே தெரிந்தன. அவை எல்லாம் நல்ல நிலையில் இருந்தன.

வடிகட்டாமல் முழுப் பட்டியலையும் பார்த்தபோது ஒரு வரி தனித்து நின்றது. அலுவலகத்தின் வேறொரு நெட்வொர்க் பகுதியில் இருக்கும் முகவரிக்கு, 445ஆம் போர்ட்டில், 'சின் சென்ட்' நிலையில் ஓர் இணைப்பு. அதாவது கோரிக்கை போயிருக்கிறது, பதில் வரவில்லை. அதன் சொந்தக்காரர் அஞ்சல் செயலி அல்ல, 4ஆம் எண் ப்ராசஸான 'சிஸ்டம்'. 445 என்பது விண்டோஸின் கோப்புப் பகிர்வு பயன்படுத்தும் போர்ட். பகிர்ந்த கோப்பு ஒன்றை எந்தச் செயலி திறக்கச் சொன்னாலும், இணைப்பை உண்டாக்குவது விண்டோஸின் கருப்பகுதி (கெர்னல்). அதனால் அது 'சிஸ்டம்' பெயரில்தான் பதிவாகும். செயலியின் எண்ணை வைத்து மட்டும் தேடினால் இது ஒருபோதும் கண்ணில் படாது.

செயலி எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று பதியும் ப்ராசஸ் மானிட்டர் மீதியைச் சொன்னது. செயலி ஒரு கோப்புறையைத் திறக்கக் கேட்கிறது. பாதை பழைய கோப்பு சர்வரின் பெயரில் தொடங்குகிறது. 21 வினாடிக்குப் பிறகு, அப்படி ஒரு நெட்வொர்க் பாதை இல்லை என்று விடை வருகிறது.

ப்ரொஃபைலின் அமைப்புக் கோப்பை நோட்பேடில் திறந்து அந்த சர்வரின் பெயரைத் தேடினோம். கிடைத்தது. முன்பு எப்போதோ சர்வரில் அஞ்சல் பெட்டி நிறைந்துபோனபோது, பழைய அஞ்சல்களுக்கு என்று ஒரு காப்பகக் கணக்கை உருவாக்கி, அதன் இருப்பிடத்தைப் பகிர்வுக் கோப்புறையில் வைத்திருக்கிறார் அப்போது உதவி செய்த ஒருவர். இடப்பக்கப் பட்டியலின் அடியில் சுருக்கி வைக்கப்பட்டிருந்ததால் ஊழியருக்கே அது நினைவில் இல்லை. செயலி திறக்கும்போதும், எல்லாக் கணக்குகளையும் புதுப்பிக்கும்போதும், 'நகர்த்து' மெனுவுக்குக் கோப்புறைப் பட்டியலைத் தயாரிக்கும்போதும் அந்த இருப்பிடத்தை ஒருமுறை எட்டிப்பார்க்கிறது. அதுவும் சாளரத்தை வரையும் அதே த்ரெட்டில். செயலி கட்டமைப்பில் இதுவொரு பலவீனம் என்பது என் கருத்து, ஆனால் இந்தச் செயலிக்கு மட்டும் உரியது அல்ல.

கோப்புகளை மாற்றிய நாளிலேயே ஏன் இது வெளிப்படவில்லை? அன்று பகிர்வை மட்டும் நீக்கியிருந்தார்கள், பழைய சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடும் சர்வர் 'அப்படி ஒரு பகிர்வு இல்லை' என்று கண நேரத்தில் பதில் சொல்லிவிடும். சில வாரம் கழித்து மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போனது. பெயருக்குரிய முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவில் பழைய பெயர் அப்படியே இருந்தது. இரண்டு பகுதிகளுக்கும் நடுவில் இருந்த ஃபயர்வால், அந்த முகவரிக்கு வரும் கோரிக்கையை மறுக்காமல் ஓசையின்றிக் கைவிட்டது. ஹாட்ஸ்பாட்டில் அந்தப் பெயரே யாருக்கும் தெரியாது, அதனால் அங்கே தேடல் பெயரோடு முடிந்துவிட்டது.

எடுத்த முடிவுகள்

எளிய வழிகள் இரண்டு கைவசம் இருந்தன. புதிய ப்ரொஃபைலுக்கே மாறிவிடுவது ஒன்று. அப்படிச் செய்தால் விதிகள், முகவரிப் புத்தகம், காப்பகம் எல்லாவற்றையும் கையால் கொண்டுவர வேண்டும். காப்பகத்தின் இருப்பிடம் தெரியாமல் மாறியிருந்தால் அது காணாமலே போயிருக்கும். மற்றொன்று, டிஎன்எஸ்ஸில் பழைய பெயரைப் புதிய சர்வருக்குத் திருப்பிவிடுவது. ஐந்து நிமிட வேலை. ஆனால் இன்னும் எத்தனை இடத்தில் பழைய பெயர் புதைந்திருக்கிறது என்பது மறைந்துபோகும். அடுத்த மாற்றத்தின்போது இதே கதை திரும்பும். இரண்டையும் விட்டோம்.

காப்பகக் கோப்புகள் மற்றவற்றோடு புதிய சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அவற்றை ஊழியரின் கணினி வட்டுக்கே கொண்டுவந்து, இரவு நகலெடுப்பில் சேர்த்து, அமைப்பில் பாதையை மாற்றினோம். மறுபடியும் பகிர்வில் வைக்காததற்குக் காரணம் உண்டு. கோப்புறைக்கு ஒரே கோப்பு என்கிற முறை நெட்வொர்க் பகிர்வுக்கு ஒத்துவராது. எழுதும்போது இணைப்பு அறுந்தால் கோப்பின் வால் அறுபடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் இன்டெக்ஸ் சிதையும். உண்மையில் ஒரு காப்பகக் கோப்பில் கடைசி அஞ்சல் பாதியில் நின்றிருந்தது. அது எப்போது நேர்ந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அதே அஞ்சல் அனுப்பியவரிடம் இருந்ததால் ஊழியர் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஃபயர்வால் பற்றி நெட்வொர்க் பொறுப்பாளரோடு சற்று நீண்ட பேச்சு நடந்தது. ஓசையின்றிக் கைவிடுவது வெளியிலிருந்து துழாவுபவர்களைத் தாமதப்படுத்த உதவும் என்பது அவர் வாதம். வெளிப்பக்கத்துக்கு அது சரி. உள்பகுதிகளுக்கு நடுவே 'மறுக்கப்பட்டது' என்று பதில் அனுப்பினால், தவறான பாதை உள்ள எந்தச் செயலியும் 21 வினாடி நிற்காமல் உடனே பிழை காட்டும். பிழை கண்ணில் பட்டால் யாராவது சொல்வார்கள். உள்பக்கத்துக்கு மட்டும் மாற்ற அவர் ஒப்புக்கொண்டார். டிஎன்எஸ்ஸில் பழைய பதிவும் நீக்கப்பட்டது.

பின்விளைவு

ஹேங் நின்றது. தாளை இன்னும் ஒரு வாரம் எழுதச் சொன்னோம், அது வெறுமையாகவே திரும்பி வந்தது. இன்பாக்ஸில் தேடும்போது ஓரிரு வினாடி தயக்கம் இருக்கிறது. அது 9 ஜிபிக்கு உரியது. நகல் பத்திரமாக இருந்ததால் இப்போது காம்பாக்டும் செய்தோம், கோப்பு சற்றே சுருங்கியது. ஆண்டுவாரியாகப் பிரிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு விருப்பமில்லை, வற்புறுத்தவில்லை.

எல்லாக் கணினிகளிலும் பழைய சர்வரின் பெயரைத் தேடியபோது வேறு சிலவும் அகப்பட்டன. இரண்டு பேருக்கு அஞ்சலின் அடியில் வரும் கையொப்பத்தின் லோகோ அந்தப் பகிர்வில் இருந்தது. புதிய அஞ்சல் எழுதும் சாளரம் திறக்க நேரமாகிறது என்பதை அவர்கள் கவனித்திருக்கிறார்கள், ஆனால் 'கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு' என்று எண்ணிச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். ஸ்கேனர் ஒன்றும் தன் கோப்புகளை அங்கே சேமிக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தது.

மாற்றிக்கொண்டவை

சர்வர் ஒன்றை நிறுத்துவதற்கான நடைமுறையில் ஒரு படி கூடியது. பகிர்வுகளை நீக்கிய பின், அணைப்பதற்கு முன், அந்த சர்வரோடு இன்னும் யார் இணைய முயல்கிறார்கள் என்பதை அதன் பதிவேட்டில் சில நாள் பார்க்க வேண்டும். இங்கே அதைப் பார்த்திருந்தால் கணக்குப் பிரிவிலிருந்து 10 நிமிடத்துக்கு ஒரு தட்டல் வருவது தெரிந்திருக்கும். அணைக்கும் அதே நாளில் டிஎன்எஸ் பதிவும் போக வேண்டும்.

உதவி கேட்டு வருபவர்களிடம் 'ஹேங் ஆகிறதா' என்று கேட்பதோடு நிறுத்தாமல், எவ்வளவு நேரம், ஒவ்வொரு முறையும் அதே நேரமா என்று கேட்கிறோம். சோதனைகளின் வரிசையும் மாறியிருக்கிறது. முதலில் ப்ராசஸரும் வட்டும் ஓடுகின்றனவா என்று பார்ப்பது, பிறகு ஆஃப்லைன் நிலையையும் கேபிளையும் தனித்தனியாகச் சோதிப்பது, அதன்பின் வேறு நெட்வொர்க், புதிய ப்ரொஃபைல். இவை எதையும் அழிக்காத சோதனைகள், எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகாது. இன்டெக்ஸ், காம்பாக்ட், மறு நிறுவல் ஆகியவை இவற்றின் விடை கிடைத்த பிறகுதான்.